வாடை ஓய்ந்த பிறகு களப்பில் முதல் ஓட்டம்

திருகோணமலையில் "சீசன்" என்றால் வெளியூர்க்காரருக்கு நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகள்தான் நினைவுக்கு வரும். ஹோட்டல்கள் நிறையும், புறாமலைத் தீவுக்குப் போட்டுகள் வரிசையாகப் போகும், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை அந்தப் பரபரப்பு இருக்கும். எங்கள் வீட்டுக்குச் சீசன் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஐப்பசியில் வரும் வாடைக்காற்று தை முடியும் வரை கடலைக் கிளறிக்கொண்டே இருக்கும். மாசியில் காற்று குறைந்தாலும் அலை உடனே அடங்காது. பங்குனி பிறந்து, விடியற்காலையில் தென்னோலை அசையாமல் நிற்கிற நாட்கள் வரத் தொடங்கியதும் என் அண்ணா தன் போட்டை மூடியிருந்த தறப்பாளைக் கழற்றுவார். அந்தச் செய்தி எப்படியோ என் மகளின் காதுக்கு வந்துவிடும். அப்புறம் "மாமா, எந்த ஞாயிறு?" என்று போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

போட் பெரியதல்ல. 18 அடி நீளமான பைபர் போட், பின்னால் 15 குதிரைவலு எஞ்சின். அண்ணா மீன்பிடித் தொழில் செய்பவர் அல்ல, அலுவலகத்தில் வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்தே தண்ணீரில் மிதக்கும் எதைக் கண்டாலும் அவருக்கு ஒரு பைத்தியம். கரையில் ஏற்றிக் கவனிப்பில்லாமல் கிடந்த ஒரு பழைய போட்டை வாங்கி, வெடிப்புகளுக்கு பைபர் ஒட்டி, குறுக்கே இருக்கைப் பலகை போட்டு, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்து எடுத்தார். அது வெள்ளைமணல் பக்கத்தில் அவருடைய கூட்டாளி ஒருவரின் வளவில் நிற்கிறது. அந்தக் கூட்டாளியை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். களப்பில் வலை போடுகிறவர். எந்த இடத்தில் மணல்திட்டு, எந்த இடத்தில் பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்.

முதல் ஓட்டம் எப்போதும் தம்பலகாமக் களப்பில்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, தம்பலகாமத்து வயல்களுக்கும் கிண்ணியாவுக்கும் சீனக்குடாவுக்கும் நடுவில் கிடக்கும் அகன்ற, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு அது. மேட்டில் கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் தண்ணீர் வயல்களில் பாய்ந்து, வடிந்து, கடைசியில் இதற்குள்தான் வந்து சேருகிறது. மறுபக்கத்தில் ஒரு வாய் திறந்து கொட்டியாரக் குடாவோடு கலக்கிறது. மாரியில் பார்த்தால் வயல் சேறு கலந்து முழுக்கப் பழுப்பாக இருக்கும். பங்குனியில் கலங்கல் அடியில் படிந்து, கரையோரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நண்டு ஓடுவது தெரியும்.

ஏன் கடலில் தொடங்குவதில்லை என்று என் கணவர் ஒரு முறை அண்ணாவிடம் கேட்டார். அண்ணா சொன்ன காரணம் எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. திருகோணமலைக் கடல் கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே மிக ஆழமாகிவிடும். துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. திமிங்கிலங்கள் இவ்வளவு கரைக்குக் கிட்ட வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். சீசனின் முதல் நாளில் எஞ்சின் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்து எழும்புகிறது. ஆட்களும் அப்படித்தான்: பிள்ளைகள் ஒரு வயது கூடி, ஒரு சாண் வளர்ந்து வருகிறார்கள், போன வருடம் எங்கே உட்கார்ந்தோம், எப்படி ஏறினோம் என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். எஞ்சின் நின்றால் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு கரைக்கு வரக்கூடிய தண்ணீரில்தான் அந்த நாளைக் கழிக்க வேண்டும்.

ஓட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க ஆயத்தம். எஞ்சினின் டாங்கியில் மிச்சமிருந்த பழைய பெற்றோலை வடித்துவிட்டு, புதிதாக 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்து ஊற்றினார். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினார். பிறகு ஒரு நீல பரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைப் பலகையில் கட்டி அதற்குள் இறக்கி ஓடவிட்டார். அப்போது என் மகனுக்கு ஒரு வேலை உண்டு. எஞ்சின் ஓடும்போது பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை பீய்ச்ச வேண்டும். உள்ளே குளிரூட்டும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது நின்றால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். மகன் பரலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "வருது மாமா, வருது மாமா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்து, அதை உண்மையாகவே அவனிடம் விட்டுவிடும் அண்ணாவின் குணம் எனக்குப் பிடிக்கும்.

நான் பார்த்தது லைஃப் ஜக்கெட்டுகளை. இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஜக்கெட் என்பது சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கும் பொருள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

ஜக்கெட்டுக்கும் வயதாகும். வெயிலில் கிடந்தால் துணி மங்கி, பட்டியின் தையல் உக்கிவிடும். கையால் இழுத்துப் பார்த்தால் நூல் பிரியும். அதன் மேல் குஷன் போல உட்கார்ந்து உட்கார்ந்தே பழகியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசுங்கினால் அது மிதக்கும் பலம் குறைந்துவிடும். உள்பக்கத்தில் ஒரு துணித்துண்டில் எத்தனை கிலோ எடையுள்ள ஆளுக்கு என்று அச்சடித்திருக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது "வளருவான்தானே" என்று பெரிய அளவாக எடுக்கவே கூடாது. பள்ளிச் சட்டைக்கு அது சரி, இதற்குச் சரி வராது. பெரிய ஜக்கெட் போட்ட பிள்ளை தண்ணீரில் விழுந்தால் ஜக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி எழும்பினால் அது அந்தப் பிள்ளையுடையது அல்ல. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டியும் இருக்க வேண்டும். மகனுடைய போன வருட ஜக்கெட் இந்த முறை இறுகியது. அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கினோம், பழையது அண்ணியின் தங்கச்சி மகனுக்குப் போனது.

ஞாயிறு விடியற்காலை பாலையூற்றிலிருந்து இரண்டு ஓட்டோவில் புறப்பட்டோம். அம்மா, நான், கணவர், பிள்ளைகள் இருவரும், அண்ணா, அண்ணி. சீனக்குடாச் சந்தி தாண்டும்போது இன்னும் முழுதாக வெளிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தான் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. இன்றும் 99 தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட கதையை மகள் பள்ளியில் படித்திருக்கிறாள். அந்தக் காட்டைப் பார்த்ததும் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினாள், அவன் நித்திரை.

நானா எங்களுக்கு முன்பே கரையில் நின்றார். நோன்பு மாதம். சஹர் முடித்து, சுபஹு தொழுதுவிட்டு நேரே வந்திருந்தார். நாங்கள் பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் கரையில் திறக்கவில்லை. அண்ணாவும் நானாவும் என் கணவருமாகச் சேர்ந்து, பழைய ரயர்களை அடியில் கொடுத்துப் போட்டை உருட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள். இறங்கியதும் நானா அடிப்பலகையைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெயிலில் நின்ற பைபர் மயிர்க்கோடு போல வெடித்திருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். கசிவு இல்லை.

"காத்து ஒம்பது மணிக்கு மேல எழும்பும். அதுக்கு முன்னுக்குத் திரும்பிடுங்க" என்றார்.

அடுத்து எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்று. போட்டில் ஏறுவதற்கு முன் எல்லோரும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலைத் தூக்கி மிதந்து பார்க்க வேண்டும். பெரியவர்களும்தான். உடுப்பு நனைகிறதே என்று பார்க்கக் கூடாது, மாற்று உடுப்பு கொண்டுபோக வேண்டும். விழுந்த பிறகு முதல் தடவையாக மிதந்து பார்க்கிறவர் பதறிப்போய்க் கையைக் காலை அடிப்பார். முன்பே ஒரு தடவை மிதந்தவருக்குத் தன்னைத் தண்ணீர் தாங்கும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். மகள் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே மிதந்தாள். மகன் முதலில் என் கழுத்தை விடவில்லை. பிறகு ஒரு கையை விட்டான், மற்றக் கையையும் விட்டான். மிதக்கிறோம் என்று தெரிந்ததும் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதத் தொடங்கினான். கரையில் நின்ற நாய்கள் எல்லாம் குரைத்தன.

அம்மா மட்டும் கரையிலேயே நின்றார்.

"எனக்கு என்னத்துக்கு இது? நான் மூதூர் லாஞ்சில எத்தனை தரம் போய் வந்தவள். பாதையில நிண்டுகொண்டு கடந்தவள்."

அம்மா பிறந்தது மூதூர்ப் பக்கம். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும் வரைக்கும் களப்பின் இந்த வாயைப் பாதையில்தான் கடக்க வேண்டும். வாகனங்களும் மனிதரும் ஆடுமாடும் ஒன்றாக ஏறுகிற தட்டையான மிதவை அது. அம்மாவின் கலியாணத்துக்குப் பலகாரப் பெட்டிகள் வந்ததும், என் தாத்தா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்தப் பாதையிலோ மூதூர் லாஞ்சிலோதான். அந்தக் காலத்தில் யாரும் ஜக்கெட் போடவில்லை என்பது உண்மை. அம்மா சொல்வதில் ஒரு நியாயமும் உண்டு: தண்ணீரைப் பயமாகப் பார்த்து வளர்ந்தவர் இல்லை அவர், தண்ணீர் அவருக்கு ரோட்டு.

அண்ணா சத்தம் போடவில்லை. "அம்மா, நீங்க ஜக்கெட் போட்டாத்தான் நான் கயிறு அவிழ்ப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்டின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் போய் அம்மம்மாவின் கையைப் பிடித்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டு, ஜக்கெட்டை மாட்டி, மூன்று பட்டிகளையும் கிளிப் போட்டு, தோளைத் தூக்கிப் பார்த்து, "அம்மம்மா, சரியான அளவு" என்றாள். அம்மா முழங்கால் அளவு வரை இறங்கினார். மிதக்கவில்லை. அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், 2021 நவம்பர் 23 எனக்கு மறக்காது. கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததால், மக்கள் மிதவைப் பாதை ஒன்றில் கடந்துகொண்டிருந்தார்கள். அன்று காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட சின்னப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அகலமான கடல் அல்ல, புயல் நாள் அல்ல, தினமும் கடக்கிற தண்ணீர். வெள்ளைச் சீருடையில் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது. என் மகளும் அப்போது சின்ன வகுப்பில் இருந்தாள். அந்த வாரம்தான் அண்ணா போட்டில் எத்தனை இருக்கையோ அத்தனை ஜக்கெட் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஒன்று குறைந்தால் ஒரு ஆள் கரையில். அந்த விதியை அவர் இன்றுவரை தளர்த்தவில்லை.

ஏறும்போது ஒவ்வொருவராகத்தான். உடம்பு பருத்தவர்கள் நடுவில், பிள்ளைகள் பெரியவர்களுக்கு இடையில், அண்ணா பின்னால் எஞ்சினோடு. எல்லோரும் பின்னுக்கு உட்கார்ந்தால் அணியம் மேலே தூக்கும், ஓட்டுகிறவருக்கு முன்னால் தெரியாது. எஞ்சினிலிருந்து வரும் சிவப்புச் சுருள் கயிற்றை அண்ணா தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நின்றுவிடும். ஆளில்லாத போட் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தவரையே வெட்டிய கதைகள் உண்டு. இந்தக் கயிற்றை எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்களை எங்கள் கடற்கரையில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து கையில் மாட்டுங்கள்.

பிறகு களப்பு.

எஞ்சின் முதல் இழுப்பில் எழும்பவில்லை, மூன்றாவது நாலாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழும்பியது. மகன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து "வருது மாமா!" என்று கத்தினான். மெதுவாகத்தான் போனோம். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எங்கள் போட் போட்ட கோடு மட்டும் பின்னால் விரிந்து விரிந்து போனது. மணலை மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. வலைக் கம்பங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. நாங்கள் கிட்டப் போனதும் ஓடி ஓடித் தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பின. அவ்வளவு பெரிய பறவை எழும்புகிற பாடு பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

தண்ணீருக்கு நடுவில் நின்றதும் பிளாஸ்கைத் திறந்தோம். தேத்தண்ணி, மீன் பணிஸ், அண்ணி அவித்துக் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். எஞ்சினை நிறுத்தியதும் வந்த அமைதியில் தம்பலகாமத்துப் பக்கமிருந்து உழவு மெசின் சத்தம்கூடக் கேட்டது. அங்கே ஆதிகோணநாயகர் கோயில் இருக்கிறது. அம்மா அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கிழங்கைக் கையில் எடுத்தார்.

கண்டல் கரையோரம் போனதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது. கண்டல் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்து, நீளமான பச்சைக் குச்சியாகத் தொங்கும். பழுத்ததும் நிமிர்ந்தபடியே விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். மகள் மிதந்து வந்த ஒன்றைப் பிடித்து, நீளத்தைத் தன் முழங்கையோடு வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீரில் விட்டாள். தில்லை மரத்துக்குக் கிட்டப் போக அண்ணா விடவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கிளையை முறிக்காதே என்று சொல்வதைவிட இலையைக் காட்டிப் பழக்குவது நல்லது என்று அவர் சற்றுத் தள்ளி நிறுத்தி, எது கண்டல், எது தில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மகன் தில்லையைச் சரியாகக் காட்டும் வரைக்கும் போட் நகரவில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் சிலர் இடுப்பளவில் நின்று மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலால் சேற்றைத் தடவி, தட்டுப்பட்டதும் மூழ்கி எடுத்து, மிதக்கவிட்டிருந்த ரெஜிபோம் பெட்டியில் போடுகிறார்கள். ஒரு அக்கா எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடிச் சிப்பியைக் கொடுத்தார். உள்ளங்கையைவிடப் பெரியது, தட்டையானது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்தில் விரல் நிழலாகத் தெரிகிறது. கோவாவில் பழைய வீடுகளின் சன்னல்களுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக இந்தச் சிப்பியைத்தான் பதித்தார்கள். பிரித்தானியர் காலத்தில் இந்தச் சிப்பிக்குள் இருக்கும் சின்னச் சின்ன முத்துக்களுக்காகவே தம்பலகாமக் களப்பைக் குத்தகைக்கு விட்டார்கள். முத்துக்குளிப்பு என்றால் மன்னாரும் சிலாபத்துறையும்தான் பாடப்புத்தகத்தில் வரும். எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் வரும் தூரத்திலும் முத்து எடுத்தார்கள் என்று அறிந்ததும் மகள் சிப்பியைக் கீழே வைக்கவே இல்லை.

திரும்பும் வழியில் எஞ்சின் திடீரென்று முக்கியது, ஒரு நடுக்கம், அப்புறம் நின்றுவிட்டது. அண்ணா எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். யாரோ அறுத்து எறிந்த நைலோன் வலைத்துண்டு காற்றாடியில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அம்மாவின் முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. என் கணவர் நீளமான கம்பை ஊன்றி போட்டை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டார், அண்ணா கத்தியால் இழை இழையாக அறுத்து எடுத்தார். தண்ணீர் அங்கே ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அறுத்த வலையை மறுபடியும் தண்ணீரில் போடாமல் ஒரு உரப்பையில் கட்டி வைத்தார். பிய்ந்த வலையைக் களப்பில் எறிகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். அந்தத் துண்டு அழியாது, நண்டையும் மீன்குஞ்சையும் யாருக்கும் பயனில்லாமல் பிடித்துப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். அதே களப்பில் மட்டி பொறுக்கும் அக்காமாரின் காலிலும் அதுதான் சிக்கும்.

பாலத்தடிக்கு வந்தபோது தண்ணீரின் குணமே மாறியது. இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்றவற்றம் பெரியதல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய களப்பு ஒரு சின்ன வாயால்தான் மூச்சுவிட வேண்டியிருப்பதால், பாலத்தூண்களுக்கு நடுவில் நீரோட்டம் சுழித்துக்கொண்டு போகும். 396 மீற்றர் நீளப் பாலத்தைக் கீழேயிருந்து பார்ப்பது வேறு அனுபவம். மேலே பஸ் போகும்போது வரும் அதிர்வு தண்ணீருக்கு மேல் நமக்கும் கேட்கிறது. பாலத்தில் நின்று தூண்டில் போட்டவர்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டினார்கள்.

அண்ணா பாலத்தைத் தாண்டவில்லை. தூணுக்கு இப்பால் நின்று கொட்டியாரக் குடாவைக் காட்டினார். வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று வந்துவிட்டது, வெளியே சிறு சிறு வெள்ளை நுரை தெரிந்தது. மகாவலி கங்கை மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வந்து சேருவது அந்தக் குடாவில்தான். 1659 இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்துவதற்காக ஒதுங்கியதும் அங்கேதான். அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் அடுத்த வருடம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 இல் தப்பும் வரை இந்தத் தீவிலேயே கிடந்தார். அம்மா அக்கரையைக் காட்டி, நொக்ஸ் கதையோடு சேர்த்துச் சொல்லும் "வெள்ளைக்காரன் மரம்" எந்தப் பக்கம், தன் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், லாஞ்ச் எந்த இடத்தில் திரும்பும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஜக்கெட்டின் மேல் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரல் ஏறி, நாங்கள் அதுவரை கேட்டிராத பெயர்களாக வந்தது. தன் தோழிகள், மாட்டுக்கார மாமா, லாஞ்சில் கச்சான் விற்ற பையன். என் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அண்ணா எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, நீரோட்டத்துக்கு எதிரே போட்டை அதே இடத்தில் பிடித்து வைத்திருந்தார், அவர் பேசி முடிக்கும் வரை.

கரைக்கு வந்தபோது ஒன்பது மணி ஆகவில்லை, களப்பில் சிற்றலை எழும்பிவிட்டது. நானா சொன்ன நேரம் பிசகவில்லை. பிறகு இருந்தது வேலைதான். எஞ்சினை மறுபடி பரலில் இறக்கி நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவினோம். மகன் மறுபடியும் தண்ணீர்த் தாரைக்குக் காவல். ஜக்கெட்டுகளையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போடாமல் வேப்பமர நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டோம். அந்த வலைத்துண்டை நானா பார்த்துவிட்டு உரப்பையோடு தன் வளவுக்கு எடுத்துப் போனார். பின்னேரம் அவர் வீட்டிலிருந்து ஒரு வாளி நோன்புக் கஞ்சி வந்தது.

அன்றிரவு அம்மா மூதூரில் இருக்கும் தன் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். காலையில் பார்த்ததையெல்லாம் சொல்லி, சித்திரை வருடப்பிறப்புக்கு வரும்போது அவரையும் போட்டில் கூட்டிப்போவதாகச் சொன்னார். பேசி முடித்துவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டு, "சின்னம்மா கொஞ்சம் பருமன். அவளுக்கு அளவான ஜக்கெட் உன்னட்ட இருக்கோ?" என்று கேட்டார். இல்லை. இந்தக் கிழமை கடைக்குப் போக வேண்டும்.